அரை மில்லிமீட்டர்

பின்சக்கரம் சட்டென்று நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை.

கோவளம் தாண்டி மாமல்லபுரம் நோக்கி வந்துகொண்டிருந்தோம். என்னுடைய பழைய புல்லட்டை நான் ஓட்டினேன். பின்னால் என் கணவர் இளங்கோ உட்கார்ந்திருந்தார். ஆடி மாதத்து முற்பகல். சாலையோரச் சவுக்குகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. அரை நிமிடத்துக்கு முன்பே இஞ்சின் சத்தத்தில் ஓர் இறுக்கம் தெரிந்தது, தொண்டை வறண்டவர் பேசுவதைப் போல. என்னவென்று யோசிப்பதற்குள் டயர் தாரின் மீது கிறீச்சிட்டு வழுக்கியது.

இடது கை தானாகவே கிளட்சைப் பிடித்தது. அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சக்கரம் விடுபட்டு, வண்டி ஓரத்து மணலில் இறங்கி, இடது பக்கமாகச் சரிந்து படுத்தது. காய்ந்த இரும்பும் கருகிய எண்ணெயும் கலந்த வாடை குப்பென்று எழுந்தது.

"ஜெயா, உனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

இளங்கோதான் கேட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய இடது மணிக்கட்டு, இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை.

எதிரே ஒரு சிற்பப் பட்டறை. உளிச் சத்தம் நின்றது. முகமெல்லாம் கல்தூசியோடு நாலு பேர் ஓடிவந்தார்கள். எங்களை நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வண்டியைத் தூக்கினார்கள். உருட்ட வேண்டியதை அவர்கள் தூக்கியே கொண்டுபோனார்கள்.

"கல்லத் தூக்கற கைக்கு இது இன்னா மேடம் வெயிட்டு" என்றார் ஒருவர்.

பாதி முடிந்த நந்தி ஒன்றின் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்கள். நான் போய்க் கிக்கரை மிதித்துப் பார்த்தேன். அசையவில்லை. அந்த நந்தியை மிதித்திருந்தாலும் அவ்வளவுதான் அசைந்திருக்கும்.

வலது காலில் கியர்

வண்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் இடது பாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. அப்போது நாங்கள் விருதுநகரில் இருந்தோம். போகும்போது அது பாதத்தை மேலே தூக்கும் சக்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அந்தக் காலால் நிற்பேன், நடப்பேன், அழுத்துவேன். விரல்களை மேல்நோக்கி உயர்த்த மட்டும் வராது. செருப்பு கழன்று பத்தடி பின்னால் கிடக்க, நான் பாட்டுக்கு நடந்து போயிருக்கிறேன். வார் வைத்த செருப்பைத் தவிர வேறெதுவும் இன்றுவரை வாங்கியதில்லை.

அப்பாவின் சைக்கிளில் பின்னால், அண்ணனின் மொபெட்டில் பின்னால், கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் வண்டியில் பின்னால். முப்பது வயதுவரை உலகத்தில் நான் அதிகம் பார்த்தது முன்னால் இருப்பவரின் சட்டைக் காலரைத்தான்.

இப்போதைய மோட்டார் சைக்கிள்களில் கியர் இடது காலில் இருக்கிறது. லீவருக்கு அடியில் பாதத்தைக் கொடுத்து மேலே தூக்க வேண்டும். எனக்கு நடக்காத காரியம். என்னோடு கல்பாக்கத்தில் வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன் பழைய புல்லட்டை விற்பதாகச் சொன்னார். எனக்கென்ன என்று இருந்தேன். "மேடம், இதுல கியர் வலது பக்கம். பிரேக்குதான் இடது பக்கம்" என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார்.

அன்று சாயங்காலமே போய் அதன்மேல் உட்கார்ந்தேன். முதல் கியருக்கு மேலே, மற்ற மூன்றுக்கும் கீழே. வலது காலைக் கொடுத்துத் தூக்கினேன். 'டக்' என்று விழுந்தது. தூக்கத் தெரிந்த காலுக்குத் தூக்குகிற வேலை, அழுத்த மட்டும் தெரிந்த காலுக்கு அழுத்துகிற வேலை. என்னை அளவெடுத்துத் தைத்த வண்டி அது.

"ஸ்கூட்டர் ஓட்டலாமே?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஓட்டலாம். பாயசம் குடிக்க வந்தவளிடம் வெந்நீரும் சூடாகத்தான் இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது அது.

என் வேலையைப் பற்றி முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: செய்து முடித்த இரும்புப் பாகங்களை அளந்து, சரியா தப்பா என்று எழுதிக் கொடுக்கும் அளவுக்கூடத்தில் நான் இருந்தேன். முடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் பிடித்துவிடுவேன். 'சரியில்லை' என்று நான் எழுதிவிட்டால் அது சரியில்லை; அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

அன்வர் பாய்

கோவளத்தில் கடற்கரைக்குப் போகும் தெருவில் அன்வர் பாயின் பட்டறை. ஏறக்குறைய என் வயது. ஸ்குரூ டிரைவரின் முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள்.

அந்த வருஷத்தில் மட்டும் என் இஞ்சினை அவர் இரண்டு முறை பிரித்து மாட்டியிருந்தார். இரண்டு முறையும் ஒரே கோளாறு. பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு கிராங்க் என்ற சுழல்தண்டோடு சேரும் இடத்தில், அதாவது பிக் எண்டில், 'டொக் டொக்' என்று தட்டும். புதிய புஷ் போட்டு மாட்டுவார். மூன்று மாதம் பஞ்சாக ஓடும். மறுபடி 'டொக் டொக்'. மூன்றாவது முறை தட்டக்கூட இல்லை. பிஸ்டனே சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. அதுதான் முதலில் சொன்ன விபத்து.

மறுநாள் பஸ் பிடித்துக் கோவளம் போனேன். பட்டறையில் வாடிக்கையாளர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் இருக்கிறார்களே என்று நான் தயங்கவில்லை. அவர்களும் கேட்கட்டும் என்றே நினைத்தேன்.

"பாய், ரெண்டு தடவை உங்ககிட்ட கொடுத்தேன். ரெண்டு தடவையும் அதே இடம். இப்ப எங்க வீட்டுக்காரர் கையில மாவுக்கட்டு. இதுக்குப் பேரு வேலையா?"

"எண்ணெ வந்துகினுதான் இருந்திச்சு மேடம். இஞ்சின் மேல ராக்கர்ல நானே தொறந்து பாத்தேன்."

"எண்ணெய் வந்தா இஞ்சின் ஏன் பிடிக்குது?"

"வயசான இஞ்சின் மேடம். இன்னான்னு சொல்றது?"

அந்த 'வயசான'தான் என்னைக் கிளப்பிவிட்டது.

"இஞ்சினுக்கு வயசாகலை. உங்க கைக்குத்தான் ஆயிடுச்சு" என்றேன்.

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே, பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: 'கோவளம் அன்வர் பாயிடம் யாரும் இஞ்சின் வேலை கொடுக்காதீர்கள். இரண்டு முறை ஏமாந்தேன். உயிர் தப்பியது அதிர்ஷ்டம்.' திருப்போரூர் வருவதற்குள் கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன.

தையல் மெஷின் மேசை

இளங்கோ செங்கல்பட்டு ஜங்ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில் எத்தனை மணி நேரம் தாமதமானாலும் குரல் உயராமல் பேசிப் பழகியவர். மாவுக்கட்டுக் கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு அதே குரலில் சொன்னார்.

"போதும் ஜெயா. அந்த ரிசார்ட்டுக்காரன் கேட்டுகினே கீறான். குடுத்துடலாம்."

மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில், வரவேற்பறையில் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவே நிறுத்திவைக்க ஒரு பழைய புல்லட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஓட வேண்டியதில்லை, பளபளத்தால் போதும்.

"ஒரு தடவை நானே திறந்து பார்க்கிறேன். ஏன் பிடிச்சதுன்னு காரணம் தெரியலைன்னா கொடுத்துடலாம்."

"தெரிஞ்சா?"

"திரும்ப மாட்டி ஓட்டுவேன்."

அவர் கூடத்து மூலையைப் பார்த்தார். பிறகு, "அந்தத் தையல் மெஷின் மேசய எடுத்துக்கோ. ஆடாம நிக்கும்" என்றார்.

லோடு ஆட்டோவில் வண்டி செங்கல்பட்டு வந்தது. எங்கள் தெருமுனை லேத் பட்டறைக்காரர்கள் இஞ்சினை இறக்கி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். கூடத்தில் டிவிக்கு முன்னால் ஓர் இஞ்சின். வந்தவர்கள் எல்லாம் அதற்குத்தான் முதலில் வணக்கம் சொன்னார்கள்.

பிரிப்பது எனக்குப் பயமாக இல்லை. ஒவ்வொரு பாகமும் கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளின் மேல் உட்கார்ந்தது. பக்கத்தில் பென்சிலால் எண். பிஸ்டன் மட்டும் மூன்று நாள் டீசலில் ஊறிய பிறகு, மரக்கட்டையை வைத்துத் தட்டத் தட்ட இறங்கியது. பக்கமெல்லாம் கீறல்.

இந்த வண்டியில் ஒரு நட்டு இருக்கிறது. எண்ணெய்ப் பம்பைச் சுற்றும் திருகும் அதுவே, கிராங்கின் முனையில் பல்சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் நட்டும் அதுவே. மற்ற நட்டுகள் எந்தப் பக்கம் சுற்றினால் கழலுமோ, இது அந்தப் பக்கம் சுற்றினால் இறுகும். தெரியாமல் பலத்தைக் காட்டியவர்கள் கிராங்கையே முறித்திருக்கிறார்கள். நான் சாக்பீஸால் பக்கத்தில் பெரிதாக அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் ஸ்பானரை வைத்தேன். ஒரே தட்டில் வந்தது. இளங்கோ சோபாவிலிருந்து, "நல்லா வருது" என்றார், ரயில் யார்டில் பெட்டி சேர்ப்பதைப் பார்க்கிறவரைப் போல.

பிக் எண்டைத் திறந்தபோது உள்ளே நீலம் பாய்ந்து கருகியிருந்தது. எண்ணெயே பார்க்காத இரும்பு. ஆனால் எண்ணெய் வந்துகொண்டிருந்ததாக அன்வர் பாய் சொன்னார். நானும் விபத்துக்கு முந்தின வாரம் ராக்கரில் குழாயைத் தளர்த்திப் பார்த்திருக்கிறேன். வழிந்தது.

அங்கே வருகிறது, இங்கே வரவில்லை. எப்படி?

தடம் இல்லாத சீல்

பதில் ஒரு வாரமாக என் கண் முன்னால்தான் குப்புறக் கிடந்தது.

இஞ்சினின் வலது பக்கத்தை மூடும் அலுமினிய மூடி. துடைக்கலாமென்று திருப்பினேன். அதன் உள்பக்கத்தில் ஒரு குழி. குழிக்குள் கார்க்கில் செய்த ஒரு சின்ன வளையம், அதுதான் சீல். சட்டைப் பொத்தான் அளவுதான். பம்ப் தள்ளும் எண்ணெய் மூடிக்குள் இருக்கும் துளை வழியாக வந்து, இந்த வளையத்தைக் கடந்துதான் கிராங்கின் மூக்குக்குள் நுழையும். அங்கிருந்து பிக் எண்டுக்குப் போகும். மூடியை இறுக்கும்போது கிராங்கின் மூக்கு இந்த வளையத்தில் அழுந்த வேண்டும். அழுந்தாவிட்டால் எண்ணெய் அந்த இடைவெளியிலேயே ஒழுகி, கீழே அடித்தொட்டியில் விழும். கீழே விழுந்ததை இன்னொரு பம்ப் எடுத்து மேலே ராக்கருக்கு அனுப்பிவிடும். அதனால் ராக்கரில் எண்ணெய் வரும். பிக் எண்ட் பட்டினி கிடக்கும்.

சீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்று மாதம் வேலை பார்த்த சீலின் முகத்தில் வட்டமாக ஒரு தடம் விழுந்திருக்க வேண்டும். இதில் தடமே இல்லை. கடையிலிருந்து நேற்று வாங்கிவந்ததைப் போல இருந்தது. அதை எதுவுமே தொட்டிருக்கவில்லை.

ஸ்டேஷனரி கடைக்குப் போய், பிள்ளைகள் பொம்மை செய்யும் களிமண் ஒரு பாக்கெட் வாங்கிவந்தேன். கிராங்கை அதன் இடத்தில் திரும்ப உட்காரவைத்து, சீலின் முகத்தில் சிறு உருண்டையை வைத்து, மூடியின் விளிம்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டைப் பொருத்தி, மூடியைப் போட்டு, எல்லா ஸ்குரூவையும் இறுக்கினேன். திரும்பக் கழற்றினேன். களிமண் தட்டையாகியிருந்தது. கத்தியால் வெட்டி அதன் கனத்தை அளந்தேன்.

அரை மில்லிமீட்டர். சீலுக்கும் கிராங்குக்கும் நடுவே எண்ணெய் ஓடிப்போன வாசல் அவ்வளவுதான்.

காரணத்தைப் பிடித்துவிட்டேன் என்று ஒரு துள்ளல். இன்னும் ஒரே ஓர் அளவு பாக்கி இருந்தது. கேஸ்கட்டை மைக்ரோமீட்டரில் வைத்தேன். ஒரு மில்லிமீட்டர். இந்த மூடிக்குப் போட வேண்டிய பேப்பர் கேஸ்கட் அதில் கால்வாசிதான் இருக்கும். அதை விட்டு இவ்வளவு தடித்ததை யார் போட்டார்கள்?

நான்தான்.

முந்தின ஐப்பசியில் மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து என் சுடிதாரெல்லாம் கறையாகிக்கொண்டிருந்தது. தடித்த கேஸ்கட் ஷீட் வாங்கி, டிவைடர் வைத்துக் கோடு போட்டு, மயிரிழை பிசகாமல் நானே வெட்டி மாட்டினேன். கசிவு நின்றது. அடுத்த மூன்று மாதத்தில் முதல் 'டொக் டொக்'. அன்வர் பாயிடம் கொண்டுபோனபோது புதிதாக இன்னொன்றும் வெட்டிக் கொடுத்தேன். இரண்டாவது முறை மறுபடியும் ஒன்று.

அவர் அதை விரலுக்கு நடுவே வைத்து அழுத்திப் பார்த்தது இப்போது ஞாபகம் வந்தது.

"இன்னா மேடம், செருப்பு அடி கணக்கா கீது. பேப்பரே போதும்."

"என் அளவு எனக்குத் தெரியும் பாய். போடுங்க" என்றேன்.

போட்டார்.

மேசையில் இரண்டு கேஸ்கட்

"இன்னா கண்டுபுடிச்ச?" என்று இளங்கோ கேட்டார்.

"சீல் அழுந்தலை. எண்ணெய் ஒழுகியிருக்கு."

"அன்வரு பாக்கலியா அத்த?"

நான் ஸ்பானரைத் தேடுவது போல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

எழுதவே கூச்சமாக இருக்கும் பகுதி இதுதான். குழுவில் தினமும் படம் போட்டுக்கொண்டிருந்தேன். 'மேடம் நீங்களே இறங்கிட்டீங்களா!', 'மெக்கானிக்குங்களுக்கு நீங்க கிளாஸ் எடுக்கணும்' என்றெல்லாம் வந்துகொண்டிருந்தது. பேப்பர் கேஸ்கட்டைப் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அன்வர் பாயால் முடியாததை ஜெயந்தி மேடம் முடித்தார் என்று முடிந்துவிடும். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வாயை மூடிக்கொண்டு கைவேலையில் இறங்கினேன். அதில் எனக்குக் குறையே இல்லை. லேத் பட்டறையில் சிலிண்டரைக் குடைந்து, புதிய பிஸ்டனும் பிக் எண்ட் புஷ்ஷும் வாங்கினேன். கிராங்கை அழுத்திச் சேர்த்த பிறகு, டயல் கேஜை வைத்து நானே நேர் பார்த்தேன். முள் நடுங்கியது. செப்புச் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி அளவு. ஒரு தட்டு, மறுபடி அளவு. ஒரு மத்தியானம் முழுக்க. கடைசியில் கிராங்க் சுற்றியது, முள் தூங்கியது. பட்டறைக்காரர், "மேடம், இதுக்கு மேல பாத்தா முள்ளுதான் பேஜாராவும்" என்றார்.

பிஸ்டன் ஊசியைப் பிடித்து நிறுத்தும் சர்க்கிளிப் ஒரு சனியன். வில் போன்ற கம்பி வளையம். இடுக்கியிலிருந்து துள்ளி இஞ்சினுக்குள் விழுந்தால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும். இஞ்சினின் வாயைத் துண்டால் அடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன். 'டிக்' என்று பள்ளத்தில் உட்கார்ந்தது. அது சரியான சத்தமா என்று சந்தேகம். மறுபடி கழற்றி, மறுபடி போட்டேன். அதே 'டிக்'. சரி.

அடுத்து சிலிண்டர். பிஸ்டனில் மூன்று வளையங்கள், வாய்கள் ஒன்றுக்கொன்று எதிரெதிராக. அவற்றை அமுக்கிப் பிடித்தபடி மேலிருந்து இரும்புச் சிலிண்டரை இறக்க வேண்டும். இதற்கு நாலு கை வேண்டும். எங்களிடம் மூன்று இருந்தது. இளங்கோ தன் நல்ல கையால் சிலிண்டரைத் தூக்கிப் பிடித்தார். மாவுக்கட்டை அதற்கு அண்டை கொடுத்தார். நான் விரல்களால் வளையங்களை ஒவ்வொன்றாக அமுக்கினேன்.

"இறக்குங்க... இறக்குங்க... நில்லுங்க. இப்ப இறக்குங்க."

"சிக்னல் போட்டுட்டு எடுக்கறியே."

"பேசாதீங்க. இறக்குங்க."

சளக் என்று எண்ணெயின் மேல் வழுக்கி இறங்கியது. இருவரும் சிரித்தோம். அப்போதுதான் அவர் கண் மேசையின் ஓரத்துக்குப் போனது. பழைய தடித்த கேஸ்கட்டும் புதிய பேப்பர் கேஸ்கட்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. நடுவே தட்டையான களிமண்.

தடித்ததை எடுத்துப் பார்த்தார். ஓரத்தில் டிவைடரின் கோடு இருந்தது. அந்தக் கோட்டை அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டு அலமாரிக்கு விரிக்கும் காகிதத்தைக்கூட நான் அப்படித்தான் வெட்டுவேன்.

"இது யாரு வெட்னது?"

"நான்."

கேஸ்கட்டை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அன்வருக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் கை கழுவப் போய்விட்டார்.

கிக்கர்

புரட்டாசியில் ஒரு காலை. இளங்கோவின் மாவுக்கட்டு பிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வண்டியை வாசலில் ஸ்டாண்டில் நிறுத்தினேன். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல இறக்கி, அமுக்கத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துப் பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவைத்து, லீவரை விட்டு, ஒரே மிதி.

இருமியது. இரண்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு நாய் எழுந்து போயிற்று.

'டப்... டப்... டப்...' ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. நான் சந்தோஷப்படவில்லை, இன்னும் அளவு பாக்கி இருந்தது. பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆறவைத்து, நன்றாக ஓடும் இஞ்சினின் மூடியை மறுபடி கழற்றினேன். தெருவில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். சீலைப் பார்த்தேன். அதன் முகத்தில் வட்டமாக, கோலிகுண்டு அழுத்தியதைப் போல ஒரு தடம்.

"விழுந்துடுச்சு" என்றேன்.

இளங்கோ உள்ளே போய் ரிசார்ட்டுக்குப் போன் செய்தார். "வண்டி குடுக்கறதுக்கில்ல சார். ஓடுது" என்றார். வெளியே வந்து, "கோவளம் எப்போ போற?" என்று கேட்டார்.

"நாளைக்கு."

"நான் வரட்டா?"

"வேண்டாம். இது நான் தனியாப் போக வேண்டியது."

கோவளம்

புதிய பிஸ்டனை விரட்டக்கூடாது. நாற்பதைத் தாண்டாமல் திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகப் போனேன். பஸ்களும் ஆட்டோக்களும் ஒரு தயிர்க்கார மொபெட்டும் என்னைத் தாண்டிப் போயின.

அன்வர் பாயின் பட்டறையில் ஒரு புல்லட்கூட இல்லை. தண்ணீர் நிரம்பிய டிரம்மில் படகு இஞ்சின் ஒன்றை முக்கி ஓடவிட்டுக்கொண்டிருந்தார். காது கிழியும் சத்தம். என்னைப் பார்த்தார். என் வண்டியைப் பார்த்தார். இஞ்சினை நிறுத்தவில்லை.

வழியெல்லாம் மெதுவாகச் சொல்ல வாக்கியங்கள் தயார் செய்து வந்திருந்தேன். அதையெல்லாம் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

"பாய்! கேஸ்கட் தப்பு! நான் வெட்டினது! அதனால சீல் அழுந்தலை! உங்க வேலையில குறை இல்லை!"

எதிரே வலை பின்னிக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"செருப்பு அடி கணக்கா கீதுன்னு சொன்னன்ல?" என்று அவரும் கத்தினார்.

"சொன்னீங்க!"

"அப்போ நீங்க இன்னா சொன்னீங்க?"

"என் அளவு எனக்குத் தெரியும்னு சொன்னேன்!"

அவர் டிரம்மைச் சுற்றிக்கொண்டு கிட்டே வந்தார்.

"நானும் சீலத் தொட்டுப் பாத்திருக்கணும் மேடம். ராக்கர்ல வருதேன்னு வுட்டுட்டேன். அது என் மேல. அத்த நான் ஒத்துக்கறேன். ஆனா பேர் போனது எனக்குத்தான? ரெண்டு மாசமா ஒரு புல்லட்டு இந்தத் தெருவுல திரும்பல. பாத்தீங்கல்ல, போட்டு இஞ்சின்தான் பாத்துகினு கீறேன்."

"குரூப்ல எழுதறேன் பாய்."

"என்னாண்ட சொல்லாதீங்க. என் பொண்ணாண்ட சொல்லுங்க. நீங்க போட்டத அதான் படிச்சிச்சு. எனுக்குக் காட்டாம ரெண்டு நாள் வெச்சிகினு அழுதுகினு இருந்துச்சு."

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. மகள் ஷாஹின் வாசலிலேயே நின்றிருந்தாள், கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

நான் போனை எடுத்து, குரல் பதிவு செய்ய வாயருகே கொண்டுபோனேன்.

"வாய்ஸ் மெசேஜ் யாரும் முழுசா கேக்கமாட்டாங்க ஆன்ட்டி" என்றாள். "அன்னிக்கு டைப் பண்ணீங்கல்ல? இன்னிக்கும் டைப் பண்ணுங்க."

டைப் செய்தேன். அவள் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று படித்தாள்.

'கேஸ்கட்டின் கனத்தில் ஏற்பட்ட ஒரு சிறு தவறால்...'

"'ஏற்பட்ட'ன்னா? யாரு ஏற்படுத்துனது?"

அழித்தேன். 'நான் வெட்டிக் கொடுத்த கேஸ்கட்டில் செய்த ஒரு சிறு தவறால்...'

"'சிறு' எதுக்கு ஆன்ட்டி?"

அளவில் அது சிறுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அரை மில்லிமீட்டர். அவள் கண்களைப் பார்த்தேன். இரண்டு மாதம் அவர்கள் வீட்டில் அது எவ்வளவு கனம் இருந்தது என்பதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

எடுத்தேன்.

'நான் வெட்டிக் கொடுத்த கேஸ்கட்டில் செய்த தவறால்தான் என் இஞ்சின் மூன்று முறையும் போனது. இது வேண்டாம் என்று அன்வர் பாய் அப்போதே சொன்னார். நான் கேட்கவில்லை. அவரைப் பற்றி நான் எழுதியது பொய். - ஜெயந்தி.'

அனுப்பினேன். செய்தி குழுவில் விழும்வரை அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். டிரம்முக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தச் சத்தத்துக்கு மேல் உரக்கப் படித்தாள்.

அன்வர் பாய் காதைக் குவித்துக் கேட்டார். பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். குனிந்து படகு இஞ்சினை அணைத்தார். தெரு திடீரென்று அமைதியானது. வலைக்காரர்களின் ரேடியோவும் அதற்கு அப்பால் அலையும் கேட்டன.

துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு வாட்டி படி" என்றார் மகளிடம். "மொதல்லேர்ந்து."

அவள் படித்தாள். நான் நின்றுகொண்டே கேட்டேன்.